கிணற்றில் குதித்தவள்

தீபாவளிக்கு முந்தின மாதம் வந்துவிட்டால் கனகவள்ளி வீட்டில் யாரும் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. தாராவியில் தொண்ணூறு அடி ரோட்டிலிருந்து உள்ளே பிரிகிற ஒரு சந்தில், கீழே முறுக்குச் சுடும் கார்கானா, இரும்பு ஏணியில் ஏறினால் மேலே குடித்தனம். காலையில் பற்றவைக்கிற இரண்டு அடுப்பும் இருட்டிய பிறகுதான் அணையும். அக்டோபர் வெக்கையும் எண்ணெய்ப் புகையும் ஏணி வழியாக மேலே போய், தலையணை உறைகூட ஓமம் மணக்கும். கையில் தட்டை வைத்துக்கொண்டு நின்றபடியே நாலு வாய் அள்ளிப் போட்டுவிட்டு அவரவர் வேலைக்குப் போய்விடுவார்கள்.

அவள் புருஷன் அய்யாத்துரை திசையன்விளைப் பக்கத்துக்காரர். வெறும் கையோடு ரயிலேறி வந்து, ஒரு சாயாக் கடையில் கிளாஸ் கழுவி, பிறகு இந்தத் தொழிலைப் பிடித்தவர். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் பல கடைகளின் கண்ணாடி ஜாடியில் இருப்பது அவர் வீட்டு முறுக்குதான். அங்கே அதைச் சக்லி என்பார்கள். மாவு பிசையும் பக்குவம் முழுக்கக் கனகவள்ளி கையில். அரிசி மாவில் சூடான எண்ணெயை ஊற்றி, விரலால் உதிர்த்துப் பார்த்து, உளுந்த மாவு இன்னும் ஒரு பிடி வேண்டுமா வேண்டாமா என்று அவள்தான் சொல்ல வேண்டும். அச்சைப் பிழிவதற்குச் சந்துப் பெண்கள் வருவார்கள். அவர்களில் ஸ்ரீதேவி அடுத்த வாசல்காரி, மகள் பிறந்த பிறகு கனகவள்ளி இந்தச் சந்துக்குக் குடிவந்த நாளிலிருந்து பழக்கம்.

பெண்கள் சேர்ந்து உட்கார்ந்தால் பேச்சு எங்கே சுற்றினாலும் ஒரு இடத்துக்கு வந்து நிற்கும்.

"மானசாவுக்குச் சடங்கு எப்பம் மைனி?"

"வரும்போது சொல்லாமலா இருப்பேன்" என்பாள் கனகவள்ளி.

ஒரே மகள் மானசா. பதினெட்டு முடிந்துவிட்டது. தகப்பனைவிட ஒரு பிடி உயரம். சயானில் காலேஜ், காமர்ஸ் படிப்பு. தமிழ் பேசுவாள், எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். அவளோடு படித்த பிள்ளைகளெல்லாம் வயதுக்கு வந்து, சடங்கு கழிந்து, சிலருக்குக் கல்யாணப் பேச்சே வந்துவிட்டது. சில பிள்ளைகளுக்குப் பிந்தும் என்று கனகவள்ளி சொல்லிக்கொண்டிருந்தாள். உள்ளூர அவளுக்குத் தெரியும். தெரிந்ததைத் தெரியாததுபோல வைத்திருப்பதிலேயே சில வருஷங்கள் ஓடிவிட்டன.

கடைசியில் மகள்தான் பிடிவாதம் பிடித்தாள். "எல்லாரும் கேக்காங்க, எனக்கே அஜீப்பா, ஒரு மாதிரியா இருக்கு, டாக்டர்ட்ட போவோம்" என்றாள். மாட்டுங்காவில் டாக்டர் நாகலக்ஷ்மியிடம் போனார்கள். பாலக்காட்டுப் பக்கத்துக் குடும்பம், மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்தவர், தலை முழுக்க நரைத்த அம்மாள். ஸ்கேன் எடுக்கச் சொன்னார், ரத்தம் எடுக்கச் சொன்னார். எல்லாம் வந்த பிறகு மூன்று பேரையும் கூப்பிட்டார். அய்யாத்துரை மகளை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு உள்ளே வந்து, "பிள்ளைக்கு வேண்டாம் டாக்டர், எங்கட்ட சொல்லுங்க" என்று கையைக் கூப்பினார்.

"அவளுக்கு வயசு பதினெட்டு ஆயிடுத்து. அவகிட்டதான் மொதல்ல சொல்லணும்" என்றார் டாக்டர். அய்யாத்துரை கூப்பிய கையை எடுக்கவில்லை. டாக்டர் பெருமூச்சு விட்டார். "சரி. ஆனா அடுத்த வாரம் அவளைக் கூட்டிண்டு வரணும், தெரிஞ்சுதா? இப்போ நிதானமா கேட்டுக்கோங்கோ. ஒங்க பொண்ணுக்குக் கர்ப்பப்பை இல்லை. பொறக்கறச்சேயே இல்லை."

கனகவள்ளி தன் புடவைத் தலைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் மாவு காய்ந்து ஒட்டியிருந்தது.

"அம்மா வயத்துல உருவாகறச்சே மொதல் கொஞ்ச வாரம் எல்லாக் கொழந்தையும் ஒண்ணுபோலத்தான் இருக்கும். ஆணாவும் வளரலாம், பொண்ணாவும் வளரலாம், ரெண்டுக்குமான வழி உள்ளே இருக்கும். அப்பறம் ஒடம்பு ஒரு வழியை மூடிண்டு இன்னொண்ணுல போகும். இவளுக்கு ரத்தத்துல இருக்கிற க்ரோமோசோம் சாதாரணமா ஆம்பளைக் கொழந்தைகளுக்கு இருக்கறது. அதனால கர்ப்பப்பை வளரவேண்டிய வழி மூடிடுத்து. ஆம்பளையா வளர வேண்டிய ஹார்மோனும் சுரந்தது. ஆனா இவ ஒடம்பு அதைக் காதுலயே வாங்கிக்கலை. வாங்கிக்காததால பொண்ணாவே வளர்ந்தா, பொண்ணாவே பொறந்தா. மாசவிலக்கு வராது, கொழந்தை சுமக்க முடியாது. மத்தபடி ஆரோக்கியமா இருக்கா."

அய்யாத்துரைக்கு அத்தனையிலும் ஒரு சொல்தான் காதில் விழுந்திருந்தது. "அப்பம் அது ஆம்பளையா டாக்டர்?"

"அதுன்னு சொல்லாதேங்கோ. அவ. இத்தனை வருஷம் யாரை வளர்த்தேளோ அதே பொண்ணுதான் வெளியில ஒக்காந்திருக்கா. இப்படிப் பொறக்கறவா ஒலகம் பூரா இருக்கா. யாரோட தப்பும் இல்லை." டாக்டர் கனகவள்ளி பக்கம் திரும்பினார். "அவ வயத்துக்குள்ள ரெண்டு சுரப்பி இருக்கு. பின்னாடி என்னைக்காவது அதுல கட்டி வரலாம், அதனால அப்பப்போ பாத்துண்டே இருக்கணும். எடுக்கலாமா வேண்டாமான்னு அவ யோசிச்சு முடிவு பண்ணட்டும், அவசரம் இல்லை. இப்போ அவ எலும்புக்கு பலம் அதுலேர்ந்துதான் வரது. எடுத்தா அதுக்கு பதிலா மாத்திரை சாப்பிடணும். இன்னொண்ணு கேக்கணும். இது தாய் வழியா வரும். ஒங்க பொறந்தாத்துல இப்படி வயசுக்கு வராதவா யாராவது உண்டா?"

"யாரும் இல்ல டாக்டர்" என்றாள் கனகவள்ளி.

அடுத்த வாரம் அவர்கள் போகவில்லை. அதற்கடுத்த வாரமும் போகவில்லை. டாக்டர் என்ன சொன்னார் என்று மானசா கேட்டபோது, ரத்தம் கம்மியாக இருக்கிறது, மாத்திரை எழுதியிருக்கிறார் என்று அய்யாத்துரை சொன்னார். சத்து மாத்திரை வாங்கிவந்து கொடுத்தார். மகள் சாப்பிடும்போது அவர் இப்போது அங்கே நிற்பதில்லை. முன்பெல்லாம் அவள் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொள்ளாமல் போகமாட்டார்.

ஒருநாள் பொழுது சாய்ந்து பெண்கள் கையைக் கழுவிக்கொண்டு போன பிறகு, அவர் தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். கனகவள்ளி சட்டியில் மிஞ்சிய எண்ணெயை வடிகட்டிக்கொண்டிருந்தாள்.

"தீபாவளி கழிஞ்சதும் ஊருக்குப் போறோம்" என்றார். "சடங்கு வைக்கோம். எங்க அக்காட்ட பந்தலுக்குச் சொல்லச் சொல்லிட்டேன்."

"பிள்ள வயசுக்கு வரலியே."

"வந்துட்டான்னு சொன்னா வந்ததுதான். எவ வந்து பாக்கப் போறா? அக்கா மவன் ரமேஷ்குமாருக்கே பேசி முடிச்சிருவோம். பொறவு பிள்ள இல்லன்னா இல்ல. எத்தன பேருக்கு இல்ல ஒலகத்துல. அதுக்கு முன்னால வேற ஒரு டாக்டரப் பாத்து, உள்ள இருக்கத எடுத்துப் போடச் சொல்லணும்."

"அவசரம் இல்லன்னு அந்தம்மா சொன்னாவ. பிள்ளட்ட கேக்கணும்னும் சொன்னாவ."

"அந்தம்மாவா தாராவியில குடியிருக்கா?" அவர் குரல் உடைந்தது. "ஏட்டி, எனக்கு மட்டும் ஆசையா? இந்தச் சந்துக்குள்ள ஒருத்தனுக்குத் தெரிஞ்சா போதும். அவ வெளிய எறங்கி நடக்க முடியாது. எம் பிள்ளைய ஒருத்தன் ஒரு வார்த்த சொல்லிட்டா நான் என்ன செய்வேன்?"

அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அவரைக் குறைசொல்லக் கனகவள்ளிக்கு வாய் வரவில்லை. இப்படித் துணிந்து சடங்கு வைத்த வீட்டில்தான் அவள் பிறந்திருந்தாள்.

அவளுக்கு ஒரு அக்கா உண்டு. ஆவுடைத்தங்கம். தங்கம் என்று கூப்பிடுவார்கள். நல்ல உயரம், நல்ல முகம். பத்தொன்பது வயது வரைக்கும் வயதுக்கு வரவில்லை. ஊர் வாய்க்குப் பயந்து அவர்கள் அம்மா ஒருநாள் விடியற்காலையில் மகள் பெரியவளாகிவிட்டாள் என்று குலவை போட்டாள். அடுத்த தையில் வெயிலுமுத்து என்பவருக்குக் கட்டிக் கொடுத்தார்கள். சில வருஷம் போயிற்று. பிள்ளை இல்லை என்று மாமியார் வீட்டார் எங்கெங்கோ காட்டினார்கள், என்னவோ ஆபரேஷன் செய்தார்கள், பிறகு துணிமூட்டையோடு திருப்பி அனுப்பினார்கள். அதற்குள் தாயும் தகப்பனும் போய்விட்டார்கள். தாராவியிலேயே வேறொரு சந்தில் அப்போது புதிதாகக் குடித்தனம் வைத்திருந்த தங்கச்சி வீட்டுக்குத் தங்கம் வந்து சேர்ந்தாள். இந்த முறுக்குத் தொழிலை முதலில் தொடங்கியது அக்காளும் தங்கச்சியுமாகத்தான். மாவுப் பக்குவம் தங்கத்தின் கைப்பக்குவம்.

கனகவள்ளி மானசாவைச் சுமந்து ஏழாம் மாதம் வளைகாப்பு வந்தது. "அந்த மலடி மொகத்துல பிள்ளத்தாச்சி முழிக்கக் கூடாது" என்றாள் ஊரிலிருந்து வந்திருந்த அவள் மாமியார். கனகவள்ளிதான் போய் அக்காளிடம் சொன்னாள். "எக்கா, இன்னைக்கு ஒருநா எங்கயாவது போயிட்டு வாயேன்." தங்கம் சேலையை மாற்றிக்கொண்டு போனாள். திரும்பி வரவில்லை. கோவண்டியில் மெஸ் நடத்துகிறாள் என்று பிறகு தெரிந்தது. எண்ணெய் டின் கொண்டுவந்து போடுகிற கரீம் பாட்சா கடையநல்லூர்க்காரர், கோவண்டியில் குடியிருப்பவர். "ஒங்க அக்கா கையால மீன் கொழம்பு சாப்பிட்டு வாறேன்" என்று இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தார். கனகவள்ளி டின்னைக் கணக்குப் பார்க்கிறவள் மாதிரித் திரும்பிக்கொள்வாள். அவரும் சொல்வதை நிறுத்திவிட்டார்.

ஊரில் பந்தலுக்குச் சொல்லியாகிவிட்டது என்று போன் வந்த அன்று, மானசா காலேஜிலிருந்து பிந்தி வந்தாள். பையைக் கழற்றாமல் மேல்வீட்டில் தாயின் முன்னால் உட்கார்ந்தாள்.

"நான் டாக்டர்ட்ட போயிட்டு வந்துட்டேன்."

கனகவள்ளி பாக்கெட்டில் முறுக்கை அடுக்கிக்கொண்டிருந்தாள். 

"தனியாவா போன?"

"பின்ன? நீங்க கூட்டிட்டுப் போவீங்கன்னு எவ்வளவு நாள் பாக்கது? எல்லாம் சொன்னாங்க. படம் வரஞ்சு காட்டினாங்க." அவள் அழவில்லை. அழுது முடித்துவிட்டு வந்த முகமாக இருந்தது. "ரத்தம் கம்மின்னு அப்பா சொன்னாரு. நானும் பாகல் மாதிரி, கிறுக்கி மாதிரி தெனம் மாத்திரை சாப்பிட்டேன். ஒங்க ரெண்டு பேருக்கும் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. என் ஒடம்பு, எனக்கு மட்டும் தெரியாது."

"சொல்லணும்னுதான் இருந்தேன் மக்கா."

"எப்பம்? சடங்குக்குப் பெறகா?" தகப்பன் போனில் பேசியதை அவள் கேட்டிருந்தாள். "ஒண்ணு சொல்லு. இது தாய் வழியா வரும்னு டாக்டர் சொன்னாங்க. ஃபேமிலில யாரும் இல்லன்னு நீ சொன்னியாம். சச்சி, நெசமாவே யாரும் இல்லியா?"

கனகவள்ளி மெழுகுவர்த்தியைப் பற்றவைத்து, பாக்கெட்டின் வாயை அதில் காட்டி ஒட்டினாள். ஒட்டிய இடம் கருகியது.

"எங்க அக்கா ஒருத்தி உண்டு" என்றாள்.

"செத்துட்டாங்களா?"

"இல்ல. கோவண்டியில இருக்கா."

மானசா தாயையே பார்த்தாள். "ஹார்பர் லைன் கோவண்டியா? இங்க இருக்க கோவண்டியா?"

"ஆமா."

"நான் பொறந்ததுல இருந்து அங்கதான் இருக்காங்களா?"

கனகவள்ளி தலையை அசைத்தாள். மானசா எழுந்து, சத்து மாத்திரை டப்பாவை எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டுக் கீழே இறங்கிப் போனாள்.

மறுநாள் மாவு பிசையும் வேலையை ஸ்ரீதேவியிடம் விட்டுவிட்டு, கடைக்குப் போய்வருவதாகச் சொல்லிக் கனகவள்ளி கிளம்பினாள். சயானில் ஏறி, குர்லாவில் மாறி, கோவண்டியில் இறங்கும்போது வெயில் உச்சிக்குக்கூட வரவில்லை. இவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது என்பது அவளுக்கு எப்போதும் தெரிந்ததுதான். பாலத்தைத் தாண்டி இறங்கினாள். கரீம் பாட்சா முன்பு பேச்சோடு சொல்லியிருந்த அடையாளத்தை வைத்து விசாரித்துப் போனாள். தையல் மெஷின்கள் ஓடுகிற சத்தம் இரண்டு பக்கமும். நூல் பிசிறும் துணித்துண்டும் காலடியில் மிதிபட்டன. சந்துக் கடைசியில் தகரக் கூரை போட்ட ஒரு அறை, வெளியே இரண்டு பெஞ்சு. உள்ளே ஒருத்தி பலகையில் உட்கார்ந்து அரிவாள்மணையில் கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்தாள்.

முதுகு கூன் விழுந்திருந்தது. இடது மணிக்கட்டு கோணலாகத் திரும்பியிருந்தது. அம்மாவே உட்கார்ந்திருப்பதுபோல ஒரு நிமிஷம் தோன்றிவிட்டது. அக்காளுக்கு இன்னும் ஐம்பது ஆகவில்லை.

"எக்கா."

தங்கம் ஏறிட்டுப் பார்த்தாள். கையிலிருந்த காயை அரிந்து முடித்துத் தண்ணீரில் போட்டாள்.

"கனகா. வா. அந்தப் பலகைய இழுத்துப் போட்டுக்கோ. தரை ஈரம்."

கனகவள்ளி உட்கார்ந்தாள். ஒரு கத்தரிக்காயை எடுத்துக் காம்பைக் கிள்ளினாள்.

"கைக்கு என்ன செஞ்சுது?"

"ஒடஞ்சுது. ஒருக்க பாத்ரூமுல வழுக்கி, ஒருக்க சும்மா வாளியத் தூக்கும்போது. எலும்புல சத்து இல்லியாம்." குரலில் வருத்தமும் இல்லை, வரவேற்பும் இல்லை. "எதுக்கு வந்த? அவியளுக்கு ஒடம்புக்கு எதுவுமா?"

"இல்ல. மானசாவுக்கு."

தங்கம் அந்தப் பெயரைத் தனக்குள் சொல்லிப் பார்ப்பவள்போல இருந்தாள். "மானசாவா பேரு. பெரிய பிள்ளையாட்டு இருப்பால்லா?"

"ஒன்ன மாதிரி ஒயரம்." கனகவள்ளிக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "எக்கா, ஒனக்கு இருந்ததுதான் அவளுக்கும். டாக்டர் சொல்லிட்டாவ."

தங்கம் அரிவாள்மணையைத் தள்ளி வைத்தாள்.

"எனக்கு என்ன இருந்துச்சு?" என்று கேட்டாள் தங்கம்.

கனகவள்ளி திகைத்துப் போனாள். அக்காளுக்கு யாருமே எதுவுமே சொல்லவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. டாக்டர் நாகலக்ஷ்மி சொன்னதைத் தனக்குத் தெரிந்த வார்த்தைகளில் சொன்னாள். தாய் வயிற்றில் உருவாகும்போதே கர்ப்பப்பை வளராமல் போய்விடுகிறது என்றாள். ரத்தத்திலேயே அப்படி எழுதியிருக்கிறது, அது அம்மை வழியாக வருவது, அம்மை அக்காளுக்கும் தான் மானசாவுக்கும் கொடுத்திருப்பதாகச் சொன்னாள். "யாரும் செஞ்ச தப்பு இல்லன்னு டாக்டர் சொன்னாவ" என்று முடித்தாள்.

அடுப்பில் பருப்பு பொங்கி வழிந்தது. தங்கம் எழுந்து போய் மூடியைத் தள்ளி வைத்துவிட்டு, அடுப்பைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அப்பம் நான் கிணத்துல குதிச்சதுனால இல்லியா?"

"என்ன கிணறு?"

"ஒன்ட்ட சொல்லலியா அம்மை? என்ட்ட சொன்னா. வயசுக்கு வாற வயசுல பயலுவோகூடச் சேந்து கிணத்துச் சொவருல ஏறி தொம்மு தொம்முன்னு குதிச்சு, உள்ள இருந்ததக் கலைச்சிட்டன்னு. தெனமும் சொல்லுவா. நானும் அதத்தான் நம்பினேன். நெசமாவே நான் அப்படித்தான குதிப்பேன், நாலு ஆளு ஒயரத்துல இருந்து." அவள் திரும்பினாள். "கட்டிக்குடுத்த எடத்துல கேட்டாவ. எங்க மாமியா கால்ல விழுந்து சொன்னேன், நாந்தான் சின்னதுல தப்பு செஞ்சிட்டேன் அத்தை, ஒங்க மவன் மேல கொற இல்லன்னு. அப்படிச் சொன்னேன்."

கனகவள்ளியால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"ஒனக்கு ஞாபகம் இருக்கா? நீ நீச்சல் படிக்கணும்னு அழுவ. ஒருநாளும் ஒன்ன கிணத்தடிக்கு விடமாட்டேன். அடிச்சுக்கூட இருக்கேன். நீயாவது நல்லா இருக்கணும்லா."

அது கனகவள்ளிக்கு ஞாபகம் இருந்தது. அக்காளுக்குத் தன்மேல் பொறாமை என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தாள்.

"அந்த ஆபரேஷன்ல என்னக்கா எடுத்தாவ?"

"யாரு கண்டா. தூத்துக்குடியில வச்சு வயித்தக் கீறினான். கட்டின்னான். என்ன கட்டின்னு நான் கேக்கல, எனக்கும் யாரும் சொல்லல. அதுக்குப் பொறவு ஒடம்பெல்லாம் தீயா எரியும். ஒறக்கம் வராது. ஒங்க வீட்டுல இருக்கும்போது சந்துக் கொழாயடியில போயி தலையில தண்ணி ஊத்திக்கிட்டு உக்காந்திருப்பேன், நீ பாத்ததில்ல. பொறவு எலும்பு இப்படி ஆயிட்டு."

"அதுலருந்துதான் எலும்புக்குச் சத்து வருமாம். எடுத்தா மாத்திர குடுத்திருக்கணுமாம்."

"அப்படியா" என்றாள் தங்கம். அரிந்த காயை அள்ளிப் பருப்பில் போட்டுவிட்டு, "ஒரு மாத்திரதானா" என்றாள்.

சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது. தையல்காரப் பையன்கள் ஒவ்வொருவராக வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். தங்கம் கோணிய கையால் தட்டைப் பிடித்து மறுகையால் சோறு போட்டாள். "சாலன் அவுர் தூங் க்யா?" என்று கேட்டுக் கேட்டுக் குழம்பை ஊற்றினாள். கனகவள்ளி எழுந்து தண்ணீர் ஊற்றினாள்.  கூட்டம் ஓய்ந்ததும் தங்கம் ஒரு தட்டில் சோறும் சாளை மீன் குழம்பும் போட்டுத் தங்கச்சி முன்னால் வைத்தாள். சாப்பிட்டாள். அம்மா வைக்கிற குழம்பு அது. தேங்காயை அரைக்கிற பதம்கூட மாறவில்லை.

"எக்கா, வளைகாப்பு அன்னைக்கு நான்..."

"அதப் பேசாத."

"இல்லக்கா, நான் சொல்லணும்."

"நீ சொல்லி எனக்கு என்ன ஆவப்போவுது?" என்றாள் தங்கம். ஆனால் அவளே பேசினாள். "அன்னைக்கு தாதர் ஸ்டேஷன்ல போயி உக்காந்திருந்தேன். சாயந்தரம் திரும்பி வரத்தான் இருந்தேன். பொறவு, பொழுதானா யாராவது தேடி வருவாவன்னு ஒரு எண்ணம். வந்தா போவம்னு இருந்தேன். அப்படியே மறுநாளும் ஆயிட்டு."

கனகவள்ளி தட்டில் கையை வைத்தபடி அழுதாள். தங்கம் அவளைத் தேற்றவுமில்லை, எழுந்து போகவுமில்லை.

"வீட்டுக்கு வாக்கா. என்கூட வா."

"வரமாட்டேன். கோவம்னு நெனைக்காத. அதெல்லாம் தேஞ்சு போச்சு. இங்க எனக்கு நாலு பிள்ளையளு சோத்துக்குக் காத்துக் கெடக்கும். ஒன் வீட்டுல எனக்கு என்ன இருக்கு?" தட்டை எடுத்துக்கொண்டாள். "அந்தப் பிள்ளைய வரச் சொல்லு. அவளுக்கு இஷ்டம்னா. இன்னொண்ணு. அவளுக்கு எதுவும் வைக்கப் போறியளா?"

"தீபாவளி கழிச்சுச் சடங்கு வைக்கணும்னு நிக்காவ."

"வைக்காத." முதல் தடவையாகக் குரல் உயர்ந்தது. "எனக்கு வச்சாள்லா அம்மை. பட்டுக் கட்டி, பூ வச்சு, நடுவுல உக்கார வச்சா. பொய்யின்னு எனக்கும் அவளுக்கும் மட்டுந்தான் தெரியும். சுத்தி நின்னு எல்லாரும் குலவை போடுதாவ, நான் தலையக் குனிஞ்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். வெக்கப்படுதான்னு சொல்லிச் சிரிச்சாளுவ. புருசன் வெரட்டினதுகூட எனக்கு அவ்வளவு வலிக்கல கனகா. அந்தப் பிள்ளைய அப்படி உக்கார வைக்காத."

மானசா அந்த வாரமே போனாள். தாயைக் கூட வரச் சொல்லவில்லை. திரும்பி வந்து எதுவும் சொல்லவுமில்லை. மறுபடியும் போனாள். ஒருநாள் பெரியம்மாவை டாக்சியில் ஏற்றி மாட்டுங்காவுக்கு, டாக்டர் நாகலக்ஷ்மியிடம் கூட்டிப்போனாள். அதைப் பற்றி மட்டும் தாயிடம் சொன்னாள்.

"எலும்பு எழுவது வயசுக்காரங்க எலும்பு மாதிரி இருக்காம். இப்பம் ஊசி, மாத்திரை எல்லாம் எழுதியிருக்காங்க. இனிமே ஒடையாம பாத்துக்கலாம், போனது திரும்ப வராதுன்னு சொன்னாங்க. டாக்டர் பெரியம்மா கையப் பிடிச்சுக்கிட்டு எல்லாத்தையும் பைய சொன்னாங்க. பெரியம்மா ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க. கிணத்துல குதிச்சா எதுவும் ஆகாதான்னு."

"டாக்டர் என்ன சொன்னாவ?"

"ஒண்ணும் ஆகாதுன்னாங்க. பெரியம்மா மறுபடியும் அதையே கேட்டாங்க. டாக்டரும் மறுபடியும் சொன்னாங்க."

அன்று சாயங்காலம் அய்யாத்துரை மூட்டைகளை எடை போட்டுக்கொண்டிருக்கும்போது மானசா இறங்கி வந்தாள்.

"அப்பா, ஊருக்கு எனக்கு டிக்கெட் போடாதீங்க. சடங்குல நான் உக்கார மாட்டேன். ஆபரேஷனும் இப்ப வேண்டாம். வேணும்னா நானே சொல்லுவேன்."

அவர் தராசு முள்ளையே பார்த்தார். "ஊர்ல கேட்டா நான் என்ன சொல்லட்டும்?"

"இவளுக்குக் கர்ப்பப்பை இல்லன்னு சொல்லுங்க. ஒங்களால முடியலன்னா போன என்ட்ட குடுங்க, நான் சொல்லிக்கிடுதேன்."

அய்யாத்துரை போனைக் கொடுக்கவில்லை. மூட்டைகளை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு, சந்து முனையில் போய் நின்று ஊரிலிருக்கும் தன் அக்காளிடம் போனில் பேசிவிட்டு வந்தார். மகளுக்குப் பரீட்சை, வரமுடியாது என்று சொல்லியிருந்தார். அதற்கு மேல் அவரால் முடியவில்லை. இரண்டு நாள் மகளிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் அவள் தட்டிலிருந்து ஒரு துண்டு அப்பளத்தை எடுத்துக் கடித்துக்கொண்டே வெளியே போனார். அவள் தட்டைக் கொஞ்சம் அவர் பக்கமாக நகர்த்தியிருந்தாள்.

தாயிடம் அவளுக்கு அந்த இளக்கம் வரவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், வேலை செய்தாள், அவ்வளவுதான். ஒருநாள் ராத்திரிச் சாப்பாட்டின்போது கனகவள்ளி, "பெரியம்மை என்ன சொன்னா? என்னியக் கேட்டாளா?" என்று கேட்டாள். மானசா கொஞ்சம் யோசித்தாள். பொய் சொல்ல வேண்டாம் என்று நினைத்தாளோ என்னவோ, "இல்லம்மா, கேக்கல" என்றாள்.

தீபாவளிக்கு முந்தின நாள் சந்து முழுக்கப் பட்டாசுப் புகை. கார்கானாவில் கடைசிச் சரக்கு போய்க்கொண்டிருந்தது. கனகவள்ளி சட்டி முன்னால் நின்று முறுக்கைத் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தாள். பெண்கள் பேசிக்கொண்டே பிழிந்தார்கள்.

"மானசாவ எங்க மைனி?" என்றாள் ஸ்ரீதேவி. "நேத்துப் பையோட போனா, வந்ததாத் தெரியலியே."

"பெரியம்மை வீட்டுக்குப் போயிருக்கா. தீபாவளிக்கு அங்கதான் இருப்பேன்னு சொல்லிட்டா."

"எந்தப் பெரியம்மை? அண்ணாச்சி வீட்டு வழியிலயா?"

"இல்ல. எங்க அக்கா. என்கூடப் பொறந்தவ."

ஸ்ரீதேவி அச்சைக் கீழே வைத்தாள். "ஒங்களுக்கு அக்கா உண்டா? இத்தன வருசமா ஒரே அடுப்படியில நிக்கோம், ஒருநாளும் சொன்னதில்லியே மைனி. எந்த ஊருல இருக்காவ?"

"கோவண்டியில."

மற்றப் பெண்களும் நிமிர்ந்து பார்த்தார்கள். "கோவண்டியிலயா? இந்தா இருக்கு கோவண்டி. இங்கன ஒருநாளும் வந்து பாத்ததில்லியே. ஏன், வரமாட்டாவளா?"

கனகவள்ளி வெந்த முறுக்கைக் கண்கரண்டியில் அள்ளி, எண்ணெய் வடியும்வரை சட்டிக்கு மேலேயே பிடித்திருந்தாள்.

"வரமாட்டா" என்றாள். "நாந்தான் அவளப் போகச் சொன்னேன்."